பழைய காரில் கடிகாரம் மட்டும் ஏன் நின்றுபோகிறது?

1950, 60களில் வந்த அமெரிக்கக் கார்களை வாங்குகிறவர்கள் டேஷ்போர்டு கடிகாரம் ஓடும் என்று எதிர்பார்ப்பதே இல்லை. செவர்லே இம்பாலாவோ ஃபோர்டு தண்டர்பேர்டோ, எஞ்சினைக் கிளப்பிவிடலாம்; கடிகாரம் மட்டும் செத்துக் கிடக்கும். பல்சக்கரம் தேய்ந்துவிட்டது என்று கழற்றி எறிந்தவர்கள் உண்டு. பெரும்பாலும் பல்சக்கரத்தின் மேல் தப்பே இருக்காது.

போர்க், வெஸ்ட்கிளாக்ஸ் நிறுவனங்கள் அப்போது செய்தவை பேருக்குத்தான் மின்சாரக் கடிகாரங்கள். உள்ளே ஓடுவது சாவி கொடுக்கிற கடிகாரமே. பேட்டரியின் வேலை சாவி கொடுப்பது மட்டும். உள்ளே இருக்கும் சின்ன வில் ஒன்றிரண்டு நிமிடம்தான் தாங்கும். அது தளரத் தளர ஒரு கை மெல்ல நகர்ந்து வரும். அதன் நுனியிலுள்ள பாயின்ட் (மின்சாரம் கடத்தும் சின்ன உலோகப் பொட்டு) எதிரிலிருக்கும் பாயின்ட்டைத் தொட்டதும் காயிலில், அதாவது கம்பிச் சுருளில், சில ஆம்பியர் பாயும். காயில் காந்தமாகி அந்தக் கையை ஓர் உதை விடும். 'டக்!' வில் மறுபடி முறுக்கேறிவிடும், பாயின்ட்டுகள் பிரிந்து மின்சாரமும் நின்றுவிடும்.

வினையே அந்தப் பிரிவில்தான். மின்சாரம் சட்டென்று அறுபடும்போது காயிலில் 12 வோல்ட்டைப் போல் பல மடங்கு எழும்பி, பாயின்ட்டுகளுக்கு நடுவே பொறி பறக்கும். ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் நாளைக்கு 960 பொறி. பாயின்ட் கருகிக் குழி விழாமல் என்ன செய்யும்?

பேட்டரி இறங்கிவிட்டால் இன்னும் மோசம். இந்தக் கடிகாரம் காரைக் கிளப்பும் சாவியைத் தாண்டி நேரே பேட்டரியில் இணைந்திருக்கும். வாரக்கணக்கில் கார் நின்றால் காயிலுக்கு உதைக்கத் தெம்பு இருக்காது. பாயின்ட்டுகள் ஒட்டியபடியே இருக்க, மின்சாரம் நிற்காமல் பாய்ந்து காயில் கருகும். சில மாடல்களில் சீக்கிரம் உருகும் ஈயப் பற்றை வைத்திருப்பார்கள். அது விட்டுப்போய்க் காயிலைக் காப்பாற்றும்.

பழுது பார்ப்பது பெரிய வித்தை இல்லை. பாயின்ட்டுகளை மிக நைசான உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்க வேண்டும். காய்ந்து பிசினாகிப் போன எண்ணெயைக் கழுவி, அச்சு முனைகளில் கடிகார எண்ணெய் ஒரு பொட்டு. துரு நீக்கும் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். அப்புறம் காயிலுக்குக் குறுக்கே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு: எழும்பும் வோல்டேஜ் அதன் வழியே சுற்றி அடங்கிவிடும், பொறி அநேகமாக நின்றுவிடும். பாடியில் பாசிட்டிவ் இணைத்த பழைய பிரிட்டிஷ் கார்களில் டையோடைத் திருப்பிப் போட வேண்டும்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, படிகத்தின் அதிர்வை எண்ணி ஓடும் குவார்ட்ஸ் இயந்திரம் போடுகிறவர்களும் உண்டு. படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிரும். அதை 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒன்று. படிகம் 25 டிகிரிக்குச் சரிசெய்யப்பட்டது. வெயிலில் டேஷ்போர்டு 65 டிகிரிக்குப் போனால், அந்தச் சூட்டிலேயே ஒரு நாள் முழுக்க இருந்தாலும், சுமார் 5 நொடி பிந்தும். பழையது நிமிடக் கணக்கில் பிந்தியதே! ஆனால் அந்த 'டக்' போய்விடும். எனக்கு அது பெரிய நஷ்டம்.

அதனால் நடுவழிதான் எனக்குப் பிடிக்கும்: பழைய இயந்திரம் அப்படியே இருக்க, காயிலின் மின்சாரத்தை ஒரு டிரான்சிஸ்டர் சுமக்கும், பாயின்ட்டுகள் அதற்குச் சைகை மட்டும் காட்டும். பேட்டரி இறங்கும் பிரச்சினை இதிலும் தீராது, காரை நிறுத்திவைக்கும்போது கடிகாரத்தின் இணைப்பைக் கழற்றத்தான் வேண்டும். திரும்ப மாட்டி முள்ளை முன்னே திருப்பும்போது ஒரு வேடிக்கை. இவற்றில் பல, முள்ளைத் திருப்பும் திசையைப் பார்த்து வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். தான் மெதுவாக ஓடியதாக நினைத்துக் கடிகாரம் முந்தத் தொடங்கும்; சில நாளில் பின்னே திருப்பிச் சரிக்கட்ட வேண்டியிருக்கும்.