காட்ஸில்லாவைக் குத்தித் தள்ள எவ்வளவு வேகம் வேண்டும்?

2023 அக்டோபரில் டிசி காமிக்ஸ் 'ஜஸ்டிஸ் லீக் வெர்சஸ் காட்ஸில்லா வெர்சஸ் காங்' என்ற தொடரைத் தொடங்கியது. மொத்தம் 7 இதழ்கள். வேறோர் உலகத்து ராட்சத விலங்குகள் சூப்பர்மேனின் ஊரான மெட்ரோபொலிஸ் வரை வந்துவிடுகின்றன, ஜஸ்டிஸ் லீக் என்ற குழுவின் நாயகர்கள் திரண்டு போய் மோதுகிறார்கள்.

இப்படிப்பட்ட கதைகளைப் படிக்கும்போது எல்லோரும் ராட்சதனைத்தான் சந்தேகிப்பார்கள். இத்தனை பெரிய உடம்பு நிற்குமா, நடக்குமா? நல்ல கேள்விதான், அதற்கும் வருகிறேன். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய சிக்கலாகத் தெரிவது சூப்பர்மேனின் சின்ன உடம்பு.

முதலில் எடை. சமீபத்திய ஹாலிவுட் படங்களில் காட்ஸில்லாவின் உயரம் சுமார் 120 மீட்டர். டைரனோசாரஸ் ரெக்ஸை நிமிர்த்தி நிறுத்தினால் 6 மீட்டர், எடை 8 டன் என்று வைத்துக்கொள்வோம். அதை 20 மடங்கு பெரிதாக்கினால் நீளம், அகலம், உயரம் மூன்றுமே 20 மடங்காகும். எடையோ 20 × 20 × 20, அதாவது 8,000 மடங்கு. ஆக, நம் காட்ஸில்லா 64,000 டன்.

இப்போது 100 கிலோ எடையுள்ள சூப்பர்மேன் பறந்து வந்து ஒரு குத்து விடுகிறார். அந்தக் குத்தில் காட்ஸில்லா நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில், அதாவது நாம் மெதுவாக நடக்கும் வேகத்தில், பின்னால் நகர வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறோம். மோதலில் மொத்த உந்தம், அதாவது எடையை வேகத்தால் பெருக்கினால் வருவது, மாறாது. எடை வித்தியாசம் 6,40,000 மடங்கு என்பதால், மோதி அப்படியே ஒட்டிக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டால், சூப்பர்மேன் நொடிக்கு 640 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாக வேண்டும். பூமியின் ஈர்ப்பிலிருந்து தப்பிக்கவே நொடிக்கு 11 கிலோமீட்டர் போதும்.

அந்த வேகத்தில் அவரிடம் இருக்கும் ஆற்றல் சுமார் 20 லட்சம் கோடி ஜூல். ஹிரோஷிமா குண்டின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! அதில் காட்ஸில்லாவை நகர்த்தப் பயன்படுவது பத்து லட்சத்தில் இரண்டு பங்குகூட இல்லை. மீதி முழுவதும் வெப்பமாகவும் அதிர்வாகவும் அந்த இடத்திலேயே வெடிக்கும். நகரத்தைக் காப்பாற்ற விட்ட குத்து, நகரத்தின் நடுவே ஒரு அணுகுண்டாகிவிடும். 1954 மார்ச்சில் பிகினி தீவில் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் காட்ஸில்லா முதன்முதலாகத் திரைக்கு வந்தது. அந்தப் பயத்திலிருந்து பிறந்த விலங்கை இப்படி ஒரு குத்தால் விரட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத தீர்வு.

சரி, குத்த வேண்டாம், மெதுவாகத் தூக்கட்டும். அவருக்குத்தான் பறக்கும் சக்தி இருக்கிறதே. இங்கே தடையாக நிற்பது உள்ளங்கை. இரண்டும் சேர்ந்து 300 சதுர சென்டிமீட்டர் இருக்கலாம். அதன் மேல் 64,000 டன் இறங்கினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 டன்னுக்கு மேல் வரும். கெட்டியான எலும்பு தாங்குவது சுமார் 2 டன். ஆகவே காட்ஸில்லா மேலே எழும்பாது. வாழைப்பழத்தில் ஊசி இறங்குவது போல சூப்பர்மேன்தான் அதன் உடம்புக்குள் இறங்கிப் போவார்.

காமிக்ஸ் எழுதுபவர்கள் இதற்கு அருமையான வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். 1993-இல் அறிமுகமான சூப்பர்பாய்க்கு, தொட்ட பொருள் முழுவதையும் மனவிசையால் பற்றிக்கொள்ளும் சக்தி உண்டு. கற்பனைதான், ஆனால் சரியான இடத்தைத் தொடும் கற்பனை. விசை உள்ளங்கையில் குவியாமல், ஈர்ப்பு விசையைப் போல உடம்பெங்கும் பரவினால் காட்ஸில்லாவைக் கீறல் படாமல் தூக்கலாம்.

இனி ராட்சதனின் கால்கள். எடை 8,000 மடங்கு கூடும்போது எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 400 மடங்குதான் கூடுகிறது. அப்படியானால் எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 20 மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். கலிலியோ 1638-லேயே இதை விளக்கி, ராட்சத விலங்குக்கு எலும்பு எவ்வளவு தடிக்க வேண்டும் என்று படமும் போட்டுக் காட்டினார். நிஜ விலங்குகள் ஓடும்போது அவற்றின் எலும்பில் மிச்சமிருக்கும் தாங்குதிறன் இரண்டு முதல் நான்கு மடங்கு வரைதான். 20 மடங்கு என்றால் முதல் அடியிலேயே முறிவு. நிலத்தில் வாழ்ந்த மிகப் பெரிய டைனோசர்கள் நான்கு கால்களும், காற்று நிறைந்த கழுத்தெலும்புகளும் வைத்துக்கொண்டு பல பத்து டன்களோடு நின்றுவிட்டன. நூறு டன்னைத் தாண்டிய நீலத்திமிங்கிலத்தை கடல் தாங்குகிறது.

அதனால் காட்ஸில்லாவுக்குக் கடல்தான் பாதுகாப்பு. கடலை ஆளும் நாயகனான அக்வாமேன் அங்கே போய்ச் சண்டை போட்டால் தனக்கு வசதியான இடம் என்று நினைக்கலாம், ஆனால் எதிரிக்கு அது இன்னும் வசதி.

என்னைக் கேட்டால், மின்னல் வேகத்தில் ஓடும் நாயகனான ஃபிளாஷை அனுப்புவேன். நரம்பில் செய்தி ஓடும் வேகம் அதிகபட்சம் நொடிக்கு 100 மீட்டர் அளவுதான். பாதத்தில் பட்ட அடி மூளைக்குத் தெரிய ஒரு நொடி ஆகும், காலை இழுத்துக்கொள்ளச் சொல்லும் கட்டளை திரும்பி வர இன்னொரு நொடி. ஃபிளாஷுக்கு அந்த இரண்டு நொடி தாராளம்.