மின்சாரத்தைக் குறைத்ததற்குப் பணம்: டிமாண்ட் ரெஸ்பான்ஸ் திட்டத்தில் சேரும் முன் ஒரு நிறுவனம் தெரிந்துகொள்ள வேண்டியவை

வருடத்தில் சில நாட்கள், அந்த நாட்களிலும் சில மணி நேரம் மட்டும், எல்லோரும் ஒரே சமயத்தில் மின்சாரம் கேட்பார்கள். கொளுத்தும் வெயில் நாளின் சாயங்காலம் அப்படி ஒரு நேரம். அந்த நேரத்துக்காக மட்டுமே ஒரு மின் நிலையத்தைக் கட்டி, மற்ற நாளெல்லாம் சும்மா நிறுத்தி வைப்பது பெரிய செலவு. அதற்குப் பதிலாக, "இன்று 4 மணியிலிருந்து 6 மணி வரை கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், பணம் தருகிறோம்" என்று மின்சாரம் வாங்குபவரிடமே கேட்டுவிடலாம். டிமாண்ட் ரெஸ்பான்ஸ் என்பது இவ்வளவுதான்.

இதை மின்சிக்கனத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பழைய விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டால் தினமும் மிச்சம்; யாரும் கூப்பிட வேண்டியதில்லை. இங்கே கூப்பிடும்போது குறைக்க வேண்டும், கூப்பிடாத நேரத்தில் வழக்கம்போல ஓட்டலாம்.

குறைத்த யூனிட்டுக்கு ஏன் பணம் தர வேண்டும் என்பதில் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2011-இல் பிறப்பித்த 745-ஆம் எண் உத்தரவு, சில நிபந்தனைகளோடு, உற்பத்தி செய்த யூனிட்டுக்குக் கிடைக்கும் சந்தை விலையே குறைத்த யூனிட்டுக்கும் கிடைக்க வேண்டும் என்றது. மின் உற்பத்தி நிறுவனங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2016 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்ற பெரும்பான்மையில் ஆணையத்தின் பக்கம் நின்றது. தென் கொரியா 2014-இலும் ஜப்பான் 2017-இலும் குறைத்த மின்சாரத்துக்கான சந்தையைத் தொடங்கின. ஆஸ்திரேலியாவின் மொத்த விற்பனை மின்சந்தையில் 2021 அக்டோபரிலிருந்து இதற்கு வழி உண்டு. பிரிட்டன் 2022 நவம்பரில் ஒரு திட்டத்தை ஆரம்பித்தபோது வீடுகளையும் சேர்த்துக்கொண்டது.

பணம் ஒரே வழியில் வருவதில்லை. முதல் வகை, தயாராக இருப்பதற்கான பணம். "கூப்பிட்டால் இத்தனை கிலோவாட் குறைப்பேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டால், கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் தொகை வரும். அமெரிக்காவின் 13 மாநிலங்களில் மின்கட்டமைப்பை நடத்தும் பி.ஜே.எம். சந்தையில் இந்த முறை உண்டு. அழைப்பு வந்து 30 நிமிடத்தில் குறைப்பதுதான் அங்கே வழக்கமான எதிர்பார்ப்பு. தக்க காரணம் இருந்தால் 60 அல்லது 120 நிமிடம் கிடைக்கும். சும்மா கிடைக்கிற பணம் என்று நினைத்துவிட வேண்டாம். சோதனை ஓட்டம் வைப்பார்கள், வாக்குத் தவறினால் அபராதம்.

இரண்டாவது வகையில், குறைத்த யூனிட்டுக்கு மட்டும் பணம். கலிஃபோர்னியாவின் அவசரகால மின்பளுக் குறைப்புத் திட்டம் இப்படிப்பட்டது: குறைத்தால் பணம், குறைக்காவிட்டால் அபராதம் இல்லை. புதிதாக வருகிறவர்கள் இந்த மாதிரித் திட்டத்தில் ஒரு வருடம் பழகிவிட்டு அப்புறம் முதல் வகைக்குப் போவதே நல்லது என்பேன்.

மூன்றாவதில் கையில் பணமே வராது, பில் குறையும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், மாகாணம் முழுவதன் தேவை உச்சத்துக்குப் போன 5 மணி நேரங்களில் ஒரு ஆலை எவ்வளவு இழுத்தது என்பதை வைத்து, அடுத்த ஒரு வருடத்துக்கு அது கட்ட வேண்டிய கட்டணத்தின் ஒரு பகுதியைத் தீர்மானிக்கிறார்கள். எந்த 5 மணி நேரம் என்று முன்கூட்டி யாரும் சொல்ல மாட்டார்கள். வானிலையையும் மின்தேவைக் கணிப்பையும் பார்த்து ஆலைக்காரர்தான் ஊகிக்க வேண்டும்.

கிரிட்டின், அதாவது மின்கட்டமைப்பின், அதிர்வெண்ணைப் பிடித்து வைக்க நொடிக்கணக்கில் பளுவை (இழுக்கும் மின்சாரத்தை) ஏற்றி இறக்கும் வகையும் இருக்கிறது. இந்தியானா மாநிலத்தின் வாரிக் அலுமினிய உருக்காலை அதைச் செய்து காட்டியது. சாதாரண நிறுவனத்துக்கு அது எட்டாது.

சரி, இப்போது முக்கியமான இடம். குறைத்த மின்சாரத்தை எந்த மீட்டரும் காட்டாது. ஓடியதைத்தான் மீட்டர் காட்டும், ஓடாததைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். "இந்த அழைப்பு வராமல் இருந்தால் நீங்கள் இவ்வளவு எடுத்திருப்பீர்கள்" என்று ஒரு கற்பனை அளவை முதலில் வைப்பார்கள். அதற்கு அடிப்படை அளவு என்று பெயர். பணம் முழுக்க இந்த அளவில்தான் இருக்கிறது. ஆனால் விளம்பரத் தாள்களில் இதைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும்.

ஒரு குளிர்பதனக் கிடங்கை எடுத்துக்கொள்வோம். அழைப்பு 4 மணியிலிருந்து 6 மணி வரை. அடிப்படை அளவு 400 கிலோவாட், அந்த இரண்டு மணி நேரமும் மீட்டர் காட்டியது 280. குறைப்பு 120 கிலோவாட், இரண்டு மணி நேரத்துக்கு 240 யூனிட். இதே கிடங்கில் முந்தைய வாரம் சரக்கு குறைவாக இருந்து, அடிப்படை அளவு 360 என்று வந்துவிட்டால்? ஆட்கள் செய்த வேலை அதேதான், ஆனால் கணக்கில் 160 யூனிட்தான் ஏறும். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

அடிப்படை அளவை எப்படி எடுக்கிறார்கள் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். கலிஃபோர்னியாவில் பரவலாக உள்ள முறை, அழைப்பு வராத முந்தைய 10 வேலைநாட்களின் சராசரி. பி.ஜே.எம். முறையில் 5 நாட்களை எடுத்து, அதிகம் ஓடிய 4 நாட்களின் சராசரியைப் போடுவார்கள். அதன் மேல் அன்றைய தினத்துக்கான ஒரு திருத்தமும் இருக்கும்: அழைப்புக்கு முந்தைய சில மணி நேரம் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஓடியிருந்தால் அளவைக் கூட்டுவார்கள், குறைவாக ஓடியிருந்தால் குறைப்பார்கள். ஆர்வக்கோளாறில் 4 மணி அழைப்புக்கு 2 மணிக்கே இயந்திரங்களை நிறுத்தும் மேலாளர், தன் அடிப்படை அளவைத் தானே வெட்டிக்கொள்கிறார். அதற்காக, அளவெடுக்கும் நாட்களில் வேண்டுமென்றே கூடுதலாக இழுத்துக் காட்டலாமா என்று யோசிக்கவே கூடாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சொந்த ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு கிரிட்டிலிருந்து கூடுதலாக எடுத்துக் காட்டிய விவகாரத்தில், காகித ஆலைகள் மீது ஒழுங்குமுறை ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

எதைக் குறைக்கலாம்? வெப்பத்தையோ குளிரையோ தண்ணீரையோ சேமித்து வைத்திருக்கும் இடம்தான் முதலில் பார்க்க வேண்டியது. குளிர்பதனக் கிடங்கை முன்னதாகவே இரண்டு டிகிரி கூடுதலாகக் குளிர்வித்துவிட்டால், கம்ப்ரசர்கள் கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கலாம். மேல்நிலைத் தொட்டி நிரம்பியிருந்தால் பம்பை நிறுத்தலாம். அலுவலகக் கட்டடத்தில் ஏசியின் வெப்பநிலை அளவைச் சற்று உயர்த்தி, காற்றோட்ட விசிறிகளின் வேகத்தைக் குறைத்தால் முதல் அரை மணி நேரம் யாருக்கும் தெரியாது. அரவை, நொறுக்கல், பேட்டரி சார்ஜ் மாதிரி வேலைகளை இரண்டு மணி நேரம் தள்ளிப்போடலாம். பாதியில் நின்றால் சரக்கே வீணாகும் வார்ப்பு உலைகளையும் வேதிக் கலன்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டாம், தொகை எவ்வளவு ஆசை காட்டினாலும்.

ஜெனரேட்டரை ஓட்டி கிரிட் பளுவைக் குறைக்கலாமே என்பது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. டீசல் புகைக்கான விதிகள் குறுக்கே வரும். அமெரிக்காவில் அவசரகால ஜெனரேட்டர்களை இதற்காக வருடத்துக்கு 100 மணி நேரம் வரை ஓட்ட அனுமதித்த விதியை 2015-இல் நீதிமன்றம் ரத்து செய்தது.

அடுத்து, 6 மணிக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அழைப்பு முடிகிறது. உள்ளே சூடு ஏறியிருக்கிறது. எல்லாக் கம்ப்ரசர்களும் ஒரே மூச்சில் கிளம்புகின்றன. 400-க்குள் ஓடிக்கொண்டிருந்த கிடங்கு, கால் மணி நேரத்துக்கு 470 இழுக்கிறது. கட்டணத்தில் மேக்சிமம் டிமாண்ட் (எம்.டி.) கணக்கு, அதாவது மாதத்தில் இழுத்த மிக உயர்ந்த அளவுக்குத் தனிக் கட்டணம், இருந்தால், அந்தக் கால் மணி நேரம்தான் அந்த மாதத்தின் உச்சம். இரண்டு மணி நேரம் பொறுத்துச் சம்பாதித்ததை எம்.டி. கட்டணம் விழுங்கிவிடும். மருந்து எளிது: பத்துப் பத்து நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். அந்த வரிசையை முன்பே எழுதி, பேனல் போர்டு கதவில் ஒட்டி வைக்க வேண்டும்.

சிறிய நிறுவனங்கள் பெரும்பாலும் நேரடியாகச் சேர முடியாது. பல நிறுவனங்களின் பளுவைக் கூட்டி ஒன்றாகச் சந்தையில் வைக்கும் இடையாள் நிறுவனங்கள் மூலம்தான் நுழைய வேண்டும். பங்கு விகிதத்தைப் பேரம் பேசுவதைவிட, அபராதம் வந்தால் யார் தலையில் விழும் என்பதை முதலில் கேளுங்கள். உங்கள் பங்கு மட்டும் தவறினால் கூட்டுக் கணக்கில் சரிக்கட்டிவிடுவார்களா, உங்களிடமே பிடிப்பார்களா? வருடத்துக்கு அதிகபட்சம் எத்தனை அழைப்பு, ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம், அடுத்தடுத்த நாட்களில் கூப்பிடலாமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், கால் மணிக்கொரு முறை பதிவான உங்கள் மீட்டர் தரவை ஒரு வருடத்துக்கு வாங்கிப் பாருங்கள். பிறகு ஒரு சாதாரண நாளில், யாரும் கூப்பிடாமலேயே, ஒருமுறை குறைத்துப் பாருங்கள். காகிதத்தில் 150 கிலோவாட் என்று போட்டது கையில் 90 ஆக நிற்கலாம். அப்படியானால் 80-க்கு மட்டும் வாக்குக் கொடுங்கள்.

அழைப்புச் செய்தி யாருடைய போனுக்கு வரும் என்பதையும் அன்றே முடிவு செய்துவிடலாம். குறைந்தது இரண்டு எண்கள் வேண்டும். அவர்களில் ஒருவராவது அந்த நேரத்து ஷிப்டில் இருப்பவராகவும், மேலாளரைக் கேட்காமலே ஸ்விட்சில் கை வைக்க அனுமதி உள்ளவராகவும் இருக்க வேண்டும்.