கழுத்து ஸ்கேனில் கேட்கும் அந்தச் சத்தம்

"சார், என்ன இப்படி இரையுது, அடைப்பா?" கழுத்து ரத்தக்குழாயில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கும்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. போன வாரம் ஒரு அம்மா பயந்துபோய் என் கையையே பிடித்துக்கொண்டார். அது அவருடைய ரத்தம் ஓடுகிற ஓட்டம்; அதை மெஷின் சத்தமாக்கித் தருகிறது. ரத்தக்குழாயில் சத்தமே வராவிட்டால்தான் எனக்குக் கவலை. திரையில் தெரியும் சிவப்பும் நீலமும் நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் அல்ல. ரத்தம் எந்தப் பக்கம் போகிறது என்பதற்கான நிறம், அவ்வளவுதான்.

வெறும் வயிற்றோடு வர வேண்டாம். வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொண்டே வரலாம். தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று தயங்குகிறவர்கள் உண்டு. கீழே தள்ளிவிட்டால் போதும். மல்லாந்து படுத்துத் தலையைத் திருப்பிக்கொண்டால், ஜில்லென்று ஜெல் தடவி இரண்டு பக்கமும் பார்ப்போம். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

கழுத்தின் இரண்டு பக்கமும் மேலே ஏறும் பெரிய ரத்தக்குழாய்தான் கரோட்டிட்; தாடைக்குச் சற்றுக் கீழே அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மூளைக்கு, இன்னொன்று முகத்துக்கு. கொழுப்பு பெரும்பாலும் அந்தப் பிரிவில்தான் படியும். ஹோஸ் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமே, அதேபோலச் சுருங்கிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும். மூளைக்குப் போகும் கிளையில் அந்த வேகம் நொடிக்கு 125 செ.மீ.க்குள் இருந்தால் பொதுவாகப் பெரிய சுருக்கம் இல்லை. 230ஐத் தாண்டினால் 70 சதவீதமோ அதற்கு மேலோ சுருங்கியிருக்கலாம். ரிப்போர்ட்டில் 20 சதவீதம் என்று பார்த்துவிட்டு ஸ்டென்ட் விலை விசாரித்தவர்களும் உண்டு! அந்த அளவுக்கு மாத்திரையும், சர்க்கரை, பிரஷர் கட்டுப்பாடும், பீடி சிகரெட்டை விடுவதும்தான் வைத்தியம்.

வெறும் தலைசுற்றலுக்காக இந்த ஸ்கேனுக்கு வருகிறவர்களே அதிகம். உண்மையைச் சொன்னால், அதற்கான காரணம் இங்கே கிடைப்பது அபூர்வம். ஒரு பெரியவரும் அப்படித்தான் வந்தார். இடது பக்கம் வேகம் எகிறியிருந்தது. ஜெல்லைத் துடைத்துக்கொண்டே, "நாலு நாள் முன்னாடி காபி டம்ளர் வலது கையிலருந்து நழுவிருச்சு, வாயும் குழறுச்சு. அஞ்சு நிமிஷத்துல சரியாயிருச்சு, அதான் யார்கிட்டயும் சொல்லல" என்றார். இடது பக்கத்து மூளைதான் வலது கையை இயக்குகிறது. தானே சரியானாலும் அது பக்கவாதத்துக்கான எச்சரிக்கை; அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போயிருக்க வேண்டியவர். ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்தாற்போல மறைந்து பார்வை திரும்பினாலும் இதே அவசரம்தான்.

அவரை எழுந்திருக்க விடாமல், அவருடைய டாக்டருக்கு போன் போட்டேன்.