பெயர் சொல்லாமல் பேசும் வண்டிகள்

வாகனப் பொறியியல் பணி ஒன்றின் நேர்காணலுக்குத் தயாராகிவரும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். "ஆங்கிலத்தில் படிக்கும்போது 'கனெக்டட் வெஹிக்கிள்' என்று ஓரிடத்திலும் 'ஆட்டோனமஸ் வெஹிக்கிள்' என்று வேறோர் இடத்திலும் வருகிறது. இரண்டும் ஒன்றுதானே? இன்னொரு சந்தேகம். முன்னால் போகும் வண்டி ரேடியோ வழியாக எச்சரிக்கை அனுப்புமாம், ஆனால் அந்தச் செய்தியில் வண்டியின் பதிவு எண்கூட இருக்காதாம். அனுப்பியது யாரென்றே தெரியாத செய்தியை என் கார் எதை வைத்து நம்பும்?"

முதல் கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஆட்டோனமஸ் என்றால் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும் வண்டி. கனெக்டட் என்றால் மற்ற வண்டிகளோடும் சாலையோரக் கருவிகளோடும் தகவல் பரிமாறிக்கொள்ளும் வண்டி. அதை மனிதரே ஓட்டலாம். வண்டியும் வண்டியும் பேசினால் வி-டூ-வி, வண்டியும் சிக்னல் கம்பமும் பேசினால் வி-டூ-ஐ, எல்லாவற்றுக்கும் பொதுவாக வி-டூ-எக்ஸ்.

நேர்காணலுக்குப் போகிறவருக்கு இன்னொரு சொல்லையும் சொல்ல வேண்டும். சாலைப் பாதுகாப்புத் துறையினர் 'ஆக்ஸிடென்ட்' என்ற சொல்லைப் பெரும்பாலும் தவிர்த்து 'கிராஷ்' என்கிறார்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2001-லேயே தன் பக்கங்களில் ஆக்ஸிடென்ட் என்ற சொல்லைத் தவிர்ப்பதாக அறிவித்தது. எதிர்பாராமல் நடந்தது, யாராலும் தடுத்திருக்க முடியாது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருப்பதுதான் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலைகளில் இறக்கிறார்கள். 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் இதுவே. இத்தனை சாவுகளையும் 'விதி' என்ற ஒற்றைச் சொல்லில் போட்டு மூடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு மோதலுக்கும் வேகம், தூரம், பார்வை, நேரம் என்று அளந்து சொல்லக்கூடிய காரணங்கள் இருக்கின்றன. அளக்க முடிந்ததை மாற்றவும் முடியும்.

ஒரு மோதலையே எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். அது விநாடிக்கு 25 மீட்டர். உங்களுக்கு முன்னால் ஒரு லாரி. லாரிக்கு முன்னால் போகும் கார் திடீரென்று பிரேக்கை மிதிக்கிறது. அந்தக் காரின் சிவப்பு விளக்கு உங்கள் கண்ணில் படாது, லாரி மறைக்கிறது. லாரி ஓட்டுநர் பார்த்து, உணர்ந்து, மிதிக்க ஒன்றரை விநாடி. அதன்பிறகு நீங்கள் பார்த்து, உணர்ந்து, மிதிக்க இன்னொரு ஒன்றரை விநாடி. உங்கள் பங்கு ஒன்றரை விநாடியில் மட்டும் உங்கள் வண்டி வேகம் குறையாமல் 37 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். கேமராவும் ரேடாரும் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இங்கே பெரிதாக உதவாது. அவையும் பெரும்பாலும் லாரியின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

ரேடியோ அலை அப்படியல்ல. லாரி அதையும் ஓரளவு தடுக்கும்தான். ஆனாலும் விளிம்புகளில் வளைந்தும் சாலையில் பட்டுத் தெறித்தும் பின்னால் வந்து சேர்ந்துவிடும். 300 மீட்டரைக் கடக்க அதற்கு ஒரு மைக்ரோ விநாடி போதும். வி-டூ-வி கருவி உள்ள ஒவ்வொரு வண்டியும் விநாடிக்குச் சுமார் 10 முறை ஒரு சிறு செய்தியைச் சுற்றியிருக்கும் எல்லாருக்கும் ஒலிபரப்புகிறது. 'நான் இங்கே இருக்கிறேன், இந்தத் திசையில் இந்த வேகத்தில் போகிறேன், பிரேக் மிதிபட்டிருக்கிறது, என் நீள அகலம் இவ்வளவு' என்பதுதான் அதன் உள்ளடக்கம். ஆங்கிலத்தில் 'பேசிக் சேஃப்டி மெசேஜ்' என்பார்கள். கிடைத்ததைக் கணக்கிட்டு ஆபத்து என்று தெரிந்தால் உங்கள் கார் முதலில் உங்களை எச்சரிக்கும். ஒரே அலைவரிசையில் எல்லா வண்டிகளும் பேசினால் குழப்பம் வராதா என்றால், வைஃபை வழியில் வந்த பழைய முறையில் ஒவ்வொன்றும் முதலில் காதுகொடுத்துக் கேட்டு, காலியாக இருந்தால் மட்டும் பேசும். இல்லையென்றால் சீட்டுக் குலுக்கியதுபோல் ஒரு சிறு நேரம் காத்திருந்து மறுபடி முயலும்.

இனி வாசகரின் இரண்டாவது கேள்வி. இந்தத் துறையிலேயே என்னை மிகவும் கவர்ந்த பகுதியும் இதுதான்.

இரண்டு தேவைகள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. யார் வேண்டுமானாலும் ஒரு ரேடியோ பெட்டியை வைத்துக்கொண்டு 'நான் திடீர் பிரேக் போட்டுவிட்டேன்' என்று பொய் சொல்ல விடக்கூடாது. அப்படி விட்டால் காலி சாலையில் வண்டிகள் காரணமின்றி வேகம் குறைக்கும், பின்னால் வருபவர் வந்து மோதுவார். ஆகவே செய்தியில் நம்பத்தக்க முத்திரை வேண்டும். ஆனால் அந்த முத்திரை ஒரே அடையாளமாக நிலைத்திருந்தால், நாற்சந்திகளில் ரேடியோ பெட்டி வைத்திருப்பவர் எவரும் நீங்கள் எங்கே போனீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள், எந்த மருத்துவமனை வாசலில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று குறித்துவைத்துக்கொள்ளலாம். நம்பிக்கையும் வேண்டும், பெயரும் கூடாது.

முதல் பாதிக்கு விடை டிஜிட்டல் கையொப்பம். வண்டியிடம் ஒரு ரகசியச் சாவி, அதற்கு இணையான ஒரு பொதுச் சாவி. ரகசியச் சாவியால் ஒப்பமிட்ட செய்தியைப் பொதுச் சாவியால் யாரும் சரிபார்க்கலாம். அந்தப் பொதுச் சாவி உண்மையான வண்டி ஒன்றுக்குத்தான் உரியது என்று சான்றளிக்கும் மையம் ஒன்று சான்றிதழ் கொடுக்கும். வங்கிக் கணக்கை இணையத்தில் திறக்கும்போது பின்னணியில் நடப்பதும் இதுதான்.

இரண்டாம் பாதிக்குத்தான் மூளை தேவைப்பட்டது. அமெரிக்காவில் வடிவமைத்த முறையில் ஒரு வண்டிக்கு ஒரே சான்றிதழ் கிடையாது. வாரத்துக்கு 20. எதிலும் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை. ஒன்றைப் பார்த்து இன்னொன்றும் அதே வண்டிக்குரியது என்று சொல்லவும் முடியாது. வண்டி இவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். வாரம் முடிந்தால் அந்த 20-ம் காலாவதியாகும், அடுத்த 20 வரும். இருபதுக்குப் பதில் ஆயிரம் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஒரே வண்டி ஆயிரம் வண்டிகளாக நடித்து, இல்லாத போக்குவரத்து நெரிசலை உருவாக்கிக் காட்டிவிடும். சான்றிதழ் வழங்கும் இடத்திலும் எச்சரிக்கை உண்டு. எந்த வண்டி கேட்கிறது என்று அறிந்த அலுவலகம், பல வண்டிகளின் கோரிக்கைகளைக் கலைத்துப் போட்ட பிறகே சான்றளிக்கும் மையத்துக்கு அனுப்பும். சான்றளிப்பவருக்கு இது யாருடையது என்று தெரியாது. யாருடையது என்று தெரிந்தவருக்கு உள்ளே இருக்கும் சான்றிதழ் தெரியாது.

சரி, ஒரு வண்டியின் கருவி பழுதாகியோ கெட்ட நோக்கத்தாலோ பொய்ச் செய்தி அனுப்புகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதை விலக்க வேண்டும். அதற்கு மூன்று ஆண்டுக்கான சான்றிதழ்கள் முன்கூட்டியே வழங்கப்பட்டிருந்தால், மொத்தம் 3,120. இவை அனைத்தின் எண்களையும் ஊரிலுள்ள எல்லா வண்டிகளுக்கும் அனுப்பி, 'இவற்றை நம்பாதே' என்று சொல்ல வேண்டுமா? அனுப்பினால் இன்னொரு சிக்கலும் வரும். பழைய பதிவுகளைச் சேர்த்துவைத்திருப்பவர் அந்தப் பட்டியலை ஒப்பிட்டு, அந்த வண்டி இதுவரை போன வழியையெல்லாம் கோத்துவிடுவார். இன்று செய்த தவறுக்காகக் கடந்த ஆண்டின் பயணங்கள் அம்பலமாக வேண்டுமா?

இதற்குக் கண்ட வழி ஒருவழிச் சார்பு, அதாவது முன்னோக்கிச் செய்ய எளிதாகவும் விடையிலிருந்து திரும்பிப் போக முடியாததாகவும் உள்ள ஒரு கணக்கு. பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பொம்மை வடிவத்தைச் செய்து பார்க்கலாம். 6239 என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள்: 38925121. நடுவிலுள்ள நான்கு இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: 9251. இதையும் அப்படியே செய்தால் 85581001, நடுவில் 5810. மறுபடியும் செய்தால் 33756100, நடுவில் 7561. முதல் வாரம் 6239, இரண்டாம் வாரம் 9251, மூன்றாம் வாரம் 5810, நான்காம் வாரம் 7561 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது உங்களிடம் 5810-ஐ மட்டும் தருகிறேன். அடுத்த வாரத்தின் எண்ணைச் சொல்ல அரை நிமிடம் போதும். முந்தைய வாரத்தின் எண் என்ன? பெருக்கலில் இரு ஓரங்களிலும் வெட்டி எறிந்த இலக்கங்கள் போனது போனதுதான். முன்னோக்கிப் போகும் கதவு திறந்திருக்கிறது, பின்னோக்கிப் போகும் கதவு இல்லை. நான்கு இலக்கம் என்பதால் இங்கே பத்தாயிரம் எண்களையும் போட்டுப் பார்த்துவிடலாம். உண்மையான முறையில் எண்கள் மிக நீளமானவை, சார்பும் இதைவிடப் பலமடங்கு வலுவானது. எல்லாவற்றையும் முயன்று பார்க்கக் காலம் போதாது.

ஒவ்வொரு வண்டிக்கும் இப்படி ஒரு சங்கிலி உண்டு. அந்தந்த வார எண்ணிலிருந்து பிறக்கும் மறைகுறிகள் அந்த வாரச் சான்றிதழ்களுக்குள் பதிந்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத எண்கள். வண்டி ஒன்றை விலக்க வேண்டிய நாளில் அந்த வாரத்துக்குரிய எண்ணை மட்டும் வெளியிட்டால் போதும். மற்ற வண்டிகள் அதிலிருந்து இந்த வாரம், அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று மறைகுறிகளைத் தாங்களே கணக்கிட்டு, அந்தச் சான்றிதழ் வந்ததும் ஒதுக்கித் தள்ளும். போன வாரம்? அதற்குக் கதவு இல்லை. கெட்டுப்போன வண்டிக்கும் அதன் இறந்தகாலம் பத்திரமாகவே இருக்கும்.

இதற்கும் மேல் ஒரு பூட்டு போட்டிருக்கிறார்கள். சங்கிலி ஒன்றல்ல, இரண்டு. இரண்டு தனித்தனி அமைப்புகள் ஆளுக்கொன்றை வைத்திருக்கும். இரண்டிலும் பிறக்கும் எண்களைச் சேர்த்தால்தான் சான்றிதழில் உள்ள மறைகுறி கிடைக்கும். ஒரு அமைப்பின் ஊழியர் ஆர்வத்தில் எட்டிப் பார்த்தாலும் அவர் கையில் இருப்பது பாதிதான். அதிகாரம் கையில் வருமுன்னரே அதைப் பிரித்துவைக்க வேண்டும் என்று நினைத்த அந்தப் பொறியாளர்கள்மேல் எனக்குப் பெரும் மரியாதை.

இவ்வளவு சிந்தித்துச் செய்த முறை ஏன் இன்னும் எல்லா வண்டிகளிலும் இல்லை? அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1999-லேயே வண்டிகளின் பேச்சுக்காக 5.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 75 மெகாஹெர்ட்ஸ் அகல ரேடியோ அலைக்கற்றையை ஒதுக்கியது. வைஃபை வழியில் வந்த முறையா, செல்பேசி வழியில் வந்த முறையா என்ற சண்டையிலும் தயக்கத்திலும் ஆண்டுகள் ஓடின. 2020-இல் அதில் 45 மெகாஹெர்ட்ஸ் சாதாரண வைஃபைக்குப் போயிற்று, வண்டிகளுக்கு 30 மிஞ்சியது. எல்லாப் புதிய கார்களிலும் வி-டூ-வி கட்டாயம் என்று 2016 டிசம்பரில் அறிவித்த வரைவு விதியும் 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. இங்கே ஒரு எளிய கணக்கைப் பாருங்கள். பத்தில் ஒரு வண்டியில் கருவி இருந்தால், எதிரெதிரே வரும் இரண்டிலும் இருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்று. பாதி வண்டிகளில் இருந்தாலும் நான்கில் ஒன்றுதான். முதலில் வாங்குபவருக்கு ஏறக்குறைய எந்தப் பயனும் கிடைக்காத ஒரு பொருளைச் சந்தை தானாக வளர்க்கும் என்று காத்திருப்பது வீண். தானோட்டி வண்டிகளுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கும் அரசின் உறுதியும் இங்கே வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதே காரில் இருக்கும் சிம் வழியாக ஏராளமான தரவு தயாரிப்பாளருக்குப் போவதைப் பெரும்பாலோர் கேட்பதில்லை என்பதும் எனக்கு வருத்தமே.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு, அதை மறைக்கக்கூடாது. விநாடிக்கு 25 மீட்டர் போகும் வண்டி ஒன்று சான்றிதழை மாற்றுகிறது. பழைய சான்றிதழ் மறைந்த இடத்திலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி, அதே வேகத்தில், அதே திசையில் புதுச் சான்றிதழ் தோன்றுகிறது. தொடர்ந்து கவனிப்பவருக்கு இரண்டும் ஒன்று என்று கண்டுபிடிப்பது கடினமே அல்ல. வண்டிகள் நெருக்கமாக நின்று பல திசைகளில் பிரியும் சந்திப்பில், சிறிது நேரம் எல்லாமே மௌனமாக இருந்து சான்றிதழ் மாற்றிக்கொண்டால் யார் யாரென்று குழம்பிவிடும். ஆனால் எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் இடமும் சந்திப்புதான். வேகம் மணிக்கு 30 கி.மீ.க்குக் கீழே இறங்கும்போது மட்டும் மௌனமாகலாம் என்று 2009-இல் ஆராய்ச்சியாளர்கள் முன்மொழிந்தார்கள். மெதுவான மோதலில் காருக்குள் இருப்பவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார் என்பது சரிதான். காருக்கு வெளியே நடந்து போகிறவருக்கு அந்த 30 கி.மீ. வேகமும் போதும் என்பதால், அந்த மௌனத்துக்கு எத்தனை விநாடி கொடுப்பது என்பதில்தான் எனக்கு இன்னும் தயக்கம்.