'அடிப்பதே இல்லை' என்று எழுதிய அப்பா

ஆலோசனைக்கு வரும் பெற்றோரிடம் முதல் நாளே ஒரு படிவம் கொடுப்பேன். பெரும்பாலும், பிள்ளையை எப்படி வளர்க்கிறீர்கள் என்று பெற்றோரைக் கேட்கும் அலபாமா வினாப்பட்டியலின் தமிழாக்கம். 1991-இல் அமெரிக்க உளவியலாளர் பால் ஃப்ரிக் உருவாக்கியது, 42 கேள்விகள். 'ஒருபோதும் இல்லை' முதல் 'எப்போதும்' வரை ஐந்தில் ஒன்றை வட்டமிட வேண்டும். கொடுத்ததும் பலர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, பரீட்சை எழுதுவது போல எழுதுவார்கள். முடித்ததும் "எவ்வளவு மார்க் மேடம்?" என்பார்கள். குழந்தையின் பிரச்சினைக்குத் தங்களைக் குற்றம் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அது. அந்தப் பயத்தோடு எழுதும் பதில் நிஜத்தைவிடக் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால், வேண்டுமென்றே மறைப்பவர்கள் குறைவு. ஓர் அப்பா, அடிப்பது பற்றிய மூன்று கேள்விகளுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்று வட்டமிட்டிருந்தார். இதே பட்டியலில் பிள்ளைகளுக்கென்று தனிப் படிவம் உண்டு. ஏழாவது படிக்கும் அவர் மகன் அதில் 'அடிக்கடி' என்று போட்டிருந்தான். கேட்டபோது அப்பா நிஜமாகவே குழம்பினார். "அடியெல்லாம் கிடையாது மேடம். படிக்கலைன்னா தலையில ஒரு குட்டு, அவ்வளவுதான்."

வினாப்பட்டியலின் ஆங்கில மூலத்தில் கையால் அடிப்பது, அறைவது, பெல்ட் போன்ற பொருளால் அடிப்பது என மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. நம் வீடுகளில் நடக்கும் குட்டு, காதைத் திருகுவது, தொடையில் கிள்ளுவது எதற்கும் அங்கே இடமில்லை. சரியாக மொழிபெயர்த்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. சாயங்காலம் முழுக்கப் பிள்ளை பாட்டியிடம் இருக்கும் வீட்டில், 'நீங்கள்' என்று கேட்கும் கேள்விகள் பாதி வீணாகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளை வளர்ப்புப் பயிற்சிக்கு வந்த ஓர் அம்மாவின் மதிப்பெண் சில வாரங்களில் குறைந்துவிட்டது. அழுதேவிட்டார். நடந்தது என்னவென்றால், தான் எத்தனை முறை கத்துகிறோம் என்பதை அப்போதுதான் கவனிக்கத் தொடங்கியிருந்தார். முதலில் எழுதியது நினைப்பு, பிறகு எழுதியது எண்ணிப் பார்த்தது. அந்தக் குறைவை முன்னேற்றம் என்றே அவரிடம் சொன்னேன்.

அதனால், படிவத்தை வாங்கியதும் எண்ணைச் சொல்வதில்லை. "நேற்று ஆறு மணியிலிருந்து பிள்ளை தூங்கும்வரை என்ன நடந்தது?" என்று கேட்கிறேன். யார் சாப்பாடு ஊட்டினார்கள், எப்போது போனைப் பிடுங்கினீர்கள், அப்புறம் என்ன ஆனது என்று நிதானமாகப் போவோம். பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துக் கேட்பேன்.

அந்த அப்பா அடுத்த முறை வந்தபோது, பழைய படிவத்தைக் கேட்டு வாங்கி ஓரத்தில் எழுதினார்: 'குட்டு, வாரத்தில் மூன்று நாள்.'