'ஏ' போடணுமா, 'தி' போடணுமா?

மற்றவர்கள் ஆங்கிலத்தில் எழுதும் கடிதங்களையும் அறிக்கைகளையும் திருத்திக் கொடுப்பது என் வேலை. நன்றாக எழுதுகிறவர்களிடம்கூடக் கடைசிவரை போகாமல் நிற்கிற தவறு 'ஏ', 'ஆன்', 'தி' என்கிற ஆர்ட்டிகிள்தான். காலம், ஒருமை பன்மை எல்லாம் சரியாக இருக்கும், 'தி' மட்டும் வேண்டாத இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும், வேண்டிய இடத்தில் இருக்காது. புரிந்தால் போதாதா என்று கேட்பார்கள். பல இடங்களில் வேறு ஏதோதான் புரிந்துவிடுகிறது, அதுதான் என் கவலை.

வேலை விண்ணப்பம் ஒன்றில் 'ஐ ஹாவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ் இன் டிசைன்' என்று இருந்தது. டிசைனிலும் கொஞ்சம் அனுபவம் உண்டு என்று சொல்ல நினைத்து எழுதியது அது. படிப்பவருக்கோ அனுபவம் இல்லவே இல்லை என்கிற அளவுக்குத்தான் அர்த்தமாகும். 'ஏ லிட்டில்' என்று ஒரே ஒரு எழுத்து சேர்த்தால் நினைத்தது வந்துவிடும். 'ஃப்யூ', 'ஏ ஃப்யூ' இரண்டுக்கும் இதே கதைதான்: 'ஃப்யூ பீப்பிள் கேம்' என்றால் கூட்டமே வரவில்லை என்ற குறை, 'ஏ ஃப்யூ பீப்பிள் கேம்' என்றால் சிலர் வந்தார்கள் என்ற தகவல்.

இன்னொன்று, வாடிக்கையாளருக்குப் போகவிருந்த அறிக்கை. 'வீ ஹாவ் ஃபிக்ஸ்ட் தி எரர்ஸ் யூ ரிப்போர்ட்டட்' என்று எழுதியிருந்தார். அவர்கள் சொன்ன பிழைகள் 12, சரிசெய்தது 8. அந்த இடத்தில் 'தி எரர்ஸ்' என்றால் நீங்கள் சொன்ன அத்தனையும் முடிந்தது என்று பொருள். எழுதியவருக்குப் பொய் சொல்லும் எண்ணம் துளியும் இல்லை, ஆனால் அப்படியே போயிருந்தால் பொய்யாகத்தான் ஆகியிருக்கும். 'சம் ஆஃப் தி எரர்ஸ்' என்று மாற்றி, மீதி 4 எப்போது முடியும் என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்.

முதல் தடவை சொன்னால் 'ஏ', மறுபடி சொன்னால் 'தி' என்று பள்ளியில் படித்திருப்போம். தவறில்லை, ஆனால் பாதி வழிதான் வரும். அறைக்குள் நுழைந்தவரிடம் 'க்ளோஸ் தி டோர்' என்கிறோமே, கதவைப் பற்றி அதற்கு முன் யாரும் பேசவில்லையே? நாம் சொல்வது எந்தக் கதவு என்பது நுழைந்தவருக்கே தெரியும், அவ்வளவுதான் விஷயம். படிப்பவர் 'எது?' என்று கேட்பாரா மாட்டாரா என்று பாருங்கள். கேட்கத் தேவையில்லை என்றால் 'தி'.

தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை, அதனால் நமக்கு இது வராது என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. 'புத்தகம் வாங்கினேன்' என்பதையும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதையும் சொல்லிப் பாருங்கள். முதலாவது ஏதோ ஒரு புத்தகம், இரண்டாவது நமக்குள் ஏற்கெனவே பேச்சில் இருக்கிற புத்தகம். அந்த 'ஐ' உருபை எங்கே போடுவது, எங்கே விடுவது என்று யாரும் சொல்லித் தராமலே நமக்குத் தெரிகிறது. ஆட்களைக் குறிக்கும் சொற்களில் 'ஐ' எப்படியும் வந்துவிடும் என்பதால் இதை எல்லா இடத்துக்கும் அளவுகோலாக வைக்க முடியாது, ஆனால் அந்த உணர்வு நம்மிடம் இருக்கிறது.

'ஏ', 'ஆன்' குழப்பத்துக்கும் தமிழே கைகொடுக்கும். 'ஒரு வீடு', 'ஓர் ஊர்' என்று எழுதுகிறோம் இல்லையா, அதே மாதிரிதான்: உயிரொலிக்கு முன் 'ஆன்', மற்றபடி 'ஏ'. பார்க்க வேண்டியது ஒலியை, எழுத்தை அல்ல. யுனிவர்சிட்டி 'யு' என்று தொடங்குவதால் 'ஏ யுனிவர்சிட்டி', மணியைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல்லில் முதல் எழுத்தான 'ஹெச்' ஒலிக்காததால் 'ஆன் அவர்', 'எம்' என்று தொடங்குவதால் 'ஆன் எம்.பி.ஏ.'. 'ஒன் வே' என்று நாம் தமிழில் எழுதினாலும் ஆங்கில உச்சரிப்பு 'வன்', அங்கே 'ஏ'தான். இந்த 'ன்' ஆங்கிலேயர்களையே குழப்பியிருக்கிறது: 'ஏப்ரன்' என்ற சொல் முன்பு 'நேப்ரன்', 'ஏ நேப்ரன்' என்றதை 'ஆன் ஏப்ரன்' என்று பிரித்துக் கேட்டுக் கேட்டு முதலெழுத்தே போய்விட்டது.

அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், எக்விப்மென்ட் இவற்றுக்கெல்லாம் 'ஏ', 'ஆன்' சேராது. வாழ்க்கையைப் பொதுவாகப் பேசும்போது 'லைஃப்' போதும், 'தி லைஃப்' வேண்டாம். ஆறுகளுக்கும் மலைத்தொடர்களுக்கும் 'தி' வரும், எவரெஸ்ட் போன்ற தனிச் சிகரத்துக்கு வராது. இதற்குக் காரணம் தேடாமல் மனப்பாடம் செய்துவிடுவதே நல்லது.

அப்புறம், சங்கம், குழு என்று நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'தி செக்ரட்டரி அண்ட் ட்ரெஷரர்' என்றால் இரண்டு பொறுப்பையும் பார்க்கிற ஒரே ஆள். 'தி செக்ரட்டரி அண்ட் தி ட்ரெஷரர்' என்றால் இரண்டு பேர். கணக்கில் யார் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று தீர்மானம் எழுதும்போது அந்த இரண்டாவது 'தி'யை விட்டுவிடாதீர்கள்.