அவசர மருத்துவ மாநாட்டில் கேட்டதும் வன்னியில் நாங்கள் செய்யக்கூடியதும்

அவசர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்கிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கல்வி மாநாட்டுக்குக் கூடுவோம். பெரும்பாலும் கொழும்பில்தான் நடக்கும். நிபுணர்கள், என்னைப் போன்ற வைத்திய அதிகாரிகள், தாதிய உத்தியோகத்தர்கள், அம்புலன்ஸ் பணியாளர்கள் எல்லாரும் வருவார்கள். முதலில் பயிற்சிப் பட்டறைகள். சுவாசக் குழாய் போடுவது, வயிற்றுக்குள் குருதி தேங்கி நிற்கிறதா என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பது, பொம்மையை வைத்து நின்ற இதயத்தை மீட்கப் பழகுவது என்று அவை போகும். அதன் பிறகு விரிவுரைகளும், இளம் வைத்தியர்கள் தங்கள் ஆய்வை முன்வைக்கும் அமர்வுகளும் நடக்கும்.

இந்த முறை போய் வந்தபோது, கேட்டவற்றில் ஒரு பகுதியை இலங்கையின் வடக்கிலுள்ள எங்கள் வன்னி மக்களுக்கு எழுதவேண்டும் என்று நினைத்தேன். மாநாட்டில் பேசப்பட்டவற்றில் பாதிக்கு மேல் நேரக் கணக்குத்தான். நெஞ்சுவலியோடு வந்தவருக்குப் 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும். பாரிசவாதத்தில், அதாவது பக்கவாதத்தில், மூளைக்குப் போகும் குருதிக் குழாயை அடைத்த குருதிக் கட்டியைக் கரைக்க நாலரை மணித்தியாலம். விபத்தில் குருதி போகிறவருக்கு, குருதிப்போக்கைக் குறைக்கும் ட்ரனெக்சாமிக் அமிலம் என்ற மருந்தைக் கொடுக்க 3 மணித்தியாலம். வாசலுக்குள் நோயாளி வந்த பிறகு நிமிடங்களை எப்படி மிச்சம் பிடிப்பது என்று பெரிய நகரத்து வைத்தியர்கள் அழகாக விளக்கினார்கள். எங்கள் நிலைமை வேறு. மல்லாவிக்கு உள்ளே, ஒட்டுசுட்டானுக்கு அப்பால், கொக்கிளாய்ப் பக்கம் இருந்து வருகிறவருக்கு வாசலுக்கு வருமுன்பே அந்த நேரத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. அந்த நேரம் வைத்தியர் கையில் இல்லை. வீட்டுக்காரர் கையிலும் அயலவர் கையிலும்தான் இருக்கிறது.

பாரிசவாதத்தை எடுத்துக்கொள்வோம். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 19 இலட்சம் மூளைக் கலங்கள் சாகின்றன என்று 2006இல் வெளியான ஒரு கணக்கு இருக்கிறது. வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கையைத் தூக்கும்போது அது தானாகத் தாழ்ந்தால், பேச்சுக் குழறினால், இந்த மூன்றில் ஒன்று போதும், உடனே வெளிக்கிடுங்கள். இங்கே நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது என்னவென்றால், "படுத்து எழும்பினால் சரியாகிவிடும்" என்று அம்மாவையோ அப்பாவையோ படுக்கவைத்துவிட்டு விடியக் காத்திருக்கிறார்கள். சிலர் எண்ணெய் பூசி உருவுகிறார்கள். அன்போடு செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எங்களிடம் வந்து சேரும்போது கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நேரம் தாண்டியிருக்கிறது. இன்னொன்று, அந்த ஊசி போடுமுன் மூளைக்குள் குருதி கசியவில்லை என்று சி.ரி. ஸ்கானில் உறுதிப்படுத்தவேண்டும். ஸ்கான் எல்லா வைத்தியசாலையிலும் இல்லை, ஆகவே இன்னொரு பயணமும் இருக்கிறது. வைத்தியர் முதலில் கேட்கும் கேள்வி "எப்போது கண்டீர்கள்?" என்பதல்ல, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பதுதான். இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தவர் காலை ஐந்துக்குக் கை விழுந்து எழும்பினால், கணக்கு இரவு பத்திலிருந்து தொடங்குகிறது. கூட வருகிறவருக்கு இந்த விடயம் தெரிந்திருக்கவேண்டும். போகிற வழியில் வாயில் எதுவும் கொடுக்கவேண்டாம், தண்ணீர்கூட. விழுங்கத் தெரியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். அஸ்பிரினும் வீட்டில் கொடுக்கவேண்டாம். அடைப்பா கசிவா என்று ஸ்கான் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் பாம்புக்கடி. மாநாட்டில் நான் மிகக் கவனமாகக் கேட்டது இதைத்தான். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் சாவையும் ஊனத்தையும் பாதியாகக் குறைப்பது என்று 2019இல் இலக்கும் வைத்தது. யாருடைய நோய் இது? வயலில் வெறுங்காலோடு நிற்கிறவருடைய நோய். பாயில் படுக்கிறவருடைய நோய். எங்களுடைய நோய்.

அரிவி வெட்டுக் காலத்தில் வரம்பிலும் வைக்கோலிலும் கிடக்கும் கண்ணாடி விரியன், சில ஊர்களில் புடையன் என்பார்கள், கடித்தால் வலியும் வீக்கமும் உடனே தெரியும். பிறகு குருதி உறையாமல் போகிறது. பல் முரசில் குருதி கசியும், சிறுநீர் சிவக்கும், சிறுநீரகம் பழுதாகும். எங்கள் நாட்டுக் கண்ணாடி விரியனின் நஞ்சு இமையையும் தொங்க வைக்கும். கட்டு விரியன் இதற்கு மறுபுறம். இரவில், நித்திரையில் கடிக்கும். பல வேளை வலி இல்லை, பல்லடையாளமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலியோடு ஒரு பிள்ளை எழும்பும், கண் இமை கனக்கிறது என்று சொல்லும், சற்று நேரத்தில் பேச்சும் மூச்சும் தளரும். பாயில் படுத்தவர் காரணம் தெரியாத வயிற்றுவலியோடு எழும்பி, இமையும் தொங்கினால், பாம்பைக் காணவில்லை என்பதற்காக வீட்டில் வைத்திருக்காதீர்கள். நிலத்தில் படுக்கிறவர்கள் நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொண்டு படுத்தால் கட்டு விரியனிடமிருந்தும் பாதுகாப்புக் கிடைக்கும். செலவு குறைந்த, நல்ல பாதுகாப்பு.

கடித்தவுடன் கயிற்றால், துணியால், சில நேரம் கம்பியால்கூட இறுக்கிக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். இது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம்தான். ஆனால் வன்னியில் இதற்கு இன்னொரு வேரும் உண்டு என்று நினைக்கிறேன். 2009இல் போரின் கடைசி மாதங்களில் உடையார்கட்டிலும் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பாடசாலைகளுக்குள்ளும் தறப்பாளுக்குக் கீழும் வைத்தியசாலை நடந்தபோது, மருத்துவம் படிக்காத எத்தனையோ பேர் காயக்காரருக்குக் கட்டுப் போட்டு உயிரைப் பிடித்து வைத்தார்கள். அவர்களில் பலர் இன்றும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவசர மருத்துவம் வன்னிக்கு மாநாட்டிலிருந்து வந்ததல்ல, அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அவர்களுக்கு இருக்கும் மரியாதையோடே சொல்கிறேன்: அந்தக் கட்டு பீறிட்டுப் பாயும் குருதிக்கு உரியது, பாம்புக்கடிக்கு உரியது அல்ல. பாம்புக்கடியில் இறுக்கிக் கட்டினால் அந்தக் கையோ காலோ அழுகும் ஆபத்து இருக்கிறது. கட்டை அவிழ்க்கும்போது நஞ்சு ஒரேயடியாக உடம்புக்குள் போகவும் கூடும்.

வெட்டவேண்டாம், உறிஞ்சவேண்டாம், விஷக்கல் வைக்கவேண்டாம். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுங்கள், வீக்கம் வந்தபின் கழற்ற முடியாது. கடித்த கையையோ காலையோ அசையாமல் தடி வைத்துத் தாங்கி, நடக்கவிடாமல் கொண்டுவாருங்கள். பாம்பைத் தேடிப் போகவேண்டாம். கண்ணெதிரே இருந்தால் தள்ளி நின்று தொலைபேசியில் படம் எடுத்தால் போதும். எனக்குத் தெரிந்த ஒரு பரியாரியார், கடித்த ஆள் வந்தால் திருநீறு பூசி, ஆறுதல் சொல்லி, தானே ஓட்டோ பிடித்து எங்களிடம் அனுப்பிவைக்கிறார். அவரைப் போன்றவர்களை எங்களோடு சேர்ந்து வேலை செய்கிறவர்களாகத்தான் நான் பார்க்கிறேன்.

வைத்தியசாலையில் நடப்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் "வந்து இவ்வளவு நேரமாகியும் மருந்து ஏற்றவில்லை" என்று கோபப்படுகிறார்கள். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் குருதி எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்போம். உறையாமல் வழிந்தால் கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் நஞ்சு உள்ளே வேலை செய்கிறது என்று அர்த்தம். சவர்க்காரத்தால் கழுவிய குழாயோ பிளாஸ்டிக் குழாயோ பிழையான விடை தரும். சிறிய வைத்தியசாலைகளில் வேலை செய்கிற சகோதரர்கள் இதைக் கவனத்தில் எடுங்கள். எல்லாக் கடியிலும் நஞ்சு இறங்குவதில்லை, ஆகவே அறிகுறி இல்லாதவருக்கு மருந்து ஏற்றமாட்டோம். நாங்கள் பயன்படுத்தும் நஞ்சுமுறி இந்தியாவில் தயாராவது. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்கும் எதிரானது. மூக்கு மேல்நோக்கி வளைந்த சின்ன விரியனுக்கு அது வேலை செய்யாது. அந்த மருந்தே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். இலங்கையில் 1,000க்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்வு ஒன்று, முன்கூட்டியே தோலுக்குக் கீழ் சிறிய அளவு அட்ரினலின் போட்டால் கடுமையான ஒவ்வாமை முதல் ஒரு மணித்தியாலத்தில் 43 வீதம் குறைகிறது என்று காட்டியது. உலகமெங்கும் எடுத்துக்காட்டப்படும் இந்த அறிவு எங்கள் நாட்டு விடுதிகளிலிருந்து போனது என்பது எனக்குப் பெரிய பெருமை.

கட்டு விரியன் கடித்தவர் மூச்சுத் திணறினால் செயற்கைச் சுவாச இயந்திரத்தில் நாட்கணக்கில் வைத்திருக்க நேரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் இருக்கிற இடத்துக்கு அனுப்புவது அதற்காகத்தான், கைவிடுவதற்காக அல்ல. அந்த நாட்களைத் தாண்டிவிட்டால் அவர்கள் பெரும்பாலும் முழுமையாக எழும்பி நடக்கிறார்கள்.

வீதி விபத்துப் பற்றிய அமர்வில் எனக்குப் பிடித்தது ட்ரனெக்சாமிக் அமிலம் பற்றிய பேச்சு. 40 நாடுகளில் 20,000க்கு மேற்பட்ட காயக்காரரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வு, இந்த மலிவான ஊசி சாவைக் குறைக்கிறது என்று காட்டியது. பிற்பாடு வந்த கணக்கின்படி ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் அதன் பயன் ஏறத்தாழ 10 வீதம் குறைகிறது. 3 மணித்தியாலம் தாண்டினால் பயனே இல்லை. பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லாத மருந்து இது, எங்களைப் போன்ற வைத்தியசாலைகளுக்கு ஏற்றது. ஏ9 வீதியிலோ பரந்தன் முல்லைத்தீவு வீதியிலோ இரவில் மாட்டோடு மோதி விழுந்தவரைக் கண்டால், குருதி வரும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அழுத்தியும் நிற்காமல் கை காலிலிருந்து பாய்ந்தால் மட்டும், காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதிவிடுங்கள். கழுத்தை மடக்கி ஓட்டோவுக்குள் திணிக்காதீர்கள். தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்டாமல் ஓடுகிறவர்களுக்கு ஒரு சொல்: அது விழும்போது தலையில் இருக்காது.

குளத்தில் மூழ்கியவரைத் தலைகீழாகப் பிடித்து வயிற்றை அமுக்கவேண்டாம். மூச்சில்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், பிறகு நெஞ்சின் நடுவில் 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். இதை வாசித்துப் பழக முடியாது, பொம்மையில் ஒருமுறையாவது செய்து பார்க்கவேண்டும்.

இன்னொரு விடயம் மனதை உறுத்துகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் வந்த ஒழுங்கில் பார்ப்பதில்லை. மூச்சும் குருதியோட்டமும் யாருக்குக் கெட்டிருக்கிறதோ அவரைத்தான் முதலில் பார்ப்போம். கை முறிந்து துடிக்கிற பிள்ளைக்கு முன்னால், பேசாமல் வியர்த்துக்கொண்டிருக்கும் ஐயாவை உள்ளே கொண்டுபோகும்போது பிள்ளையின் தகப்பன் சத்தம் போடுகிறார். அவருடைய வேதனை எனக்கு விளங்குகிறது. அந்த ஐயாவுக்கு மாரடைப்பு. தாதியோடு சண்டை பிடிக்கும் அந்த ஐந்து நிமிடமும் இன்னொருவருடைய நேரம்.

வன்னியிலிருந்து இந்த மாநாட்டுக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. ஒரு வைத்தியரோ தாதியோ போனால் அவருடைய கடமையை இன்னொருவர் சுமக்கவேண்டும், சிறிய வைத்தியசாலையில் அந்த இன்னொருவரே இல்லை. ஆனாலும் மேலதிகாரிகள் முறை வைத்து ஆட்களை அனுப்பவேண்டும் என்றே சொல்வேன், வைத்தியர்களை மட்டுமல்ல, தாதியர்களையும்தான். கேட்டு வருவதற்கு மட்டுமல்ல, சொல்வதற்கும் போகவேண்டும். யானை நிற்கும் வீதியில் இரவில் நோயாளியை இடம் மாற்றுவது எப்படி, வெள்ளம் வந்து வீதி அறுந்தால் என்ன செய்வது, வெள்ளத்துக்குப் பிறகு வரும் எலிக்காய்ச்சலை எப்படி முந்திப் பிடிப்பது என்றெல்லாம் எங்களிடம் அனுபவம் குவிந்து கிடக்கிறது. அது எழுதப்படவில்லை. எழுதப்படாததால் மேடையில் இல்லை, மேடையில் இல்லாததால் திட்டம் போடுகிறவர்களின் கண்ணிலும் படுவதில்லை.

கடைசியாக 1990 என்ற தொலைபேசி இலக்கம். அதில் அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்குக்கு வந்தது. முற்றிலும் இலவசம். அழைக்கும்போது பதறாமல் ஊர், வீதி, பக்கத்திலுள்ள கோயிலோ பாடசாலையோ குளமோ, நோயாளிக்கு என்ன செய்கிறது என்பதைச் சொல்லுங்கள். உள்ளூர் ஒழுங்கையென்றால் ஒருவரைப் பிரதான வீதிச் சந்திக்கு வெளிச்சத்தோடு அனுப்பி நிற்கச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் குடிக்கும் குளிசைகளையும் எடுத்து வையுங்கள். கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம் ஒன்று நெஞ்சை அழுத்தும் பயிற்சியையும் பாம்புக்கடி முதலுதவியையும் படிக்க விரும்பினால், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பக்கத்து வைத்தியசாலையிலோ கேளுங்கள். அறுவடை தொடங்குமுன் கேட்டால் நல்லது.